பதினாறு நாள் முட்டை

சங்கரன்கோவில் புறவழிச்சாலையை ஒட்டிய முப்பத்திரண்டு வீட்டுக் காலனியில், புரட்டாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு, பிரமு தன் மகள் குடிப்பதற்காக எவர்சில்வர் தம்ளரில் இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் ஊற்றி, அதன் விளிம்பில் ஒரு முட்டையைத் தட்டி உடைத்தபோது, மஞ்சளும் வெள்ளையும் விழவேண்டிய இடத்தில் ஒரு கோழிக்குஞ்சு இறங்கி எண்ணெய்க்குள் நின்றது. ஈரம் காயாத குஞ்சு அல்ல. பஞ்சு போல உலர்ந்த குஞ்சு, டீ நிறம். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றித் தூக்கி எண்ணெயை உதறிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி ஒரு தடவை கூப்பிட்டது. பிரமு அதைப் பார்த்தாள், தம்ளரைக் கீழே வைத்தாள், உள்ளறையைப் பார்த்து, "ஏட்டி சுபிக்ஷா, இன்னைக்கு முட்டை கிடையாது, களி மட்டும் தின்னுக்கோ" என்றாள்.

வாசலில் தில்லைநாயகம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த முட்டையைக் கொடுத்தவர் அவர்தான். கூப்பாட்டைக் கேட்டதும் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றுவிட்டார். ஆச்சரியம் அவருக்கு அப்புறம்தான் வந்தது; முதலில் வந்தது பயம். ஏனென்றால் அந்த முட்டை அவர் வீட்டுக் கோழி போட்டதல்ல, எந்த வீட்டுக் கோழி போட்டதுமல்ல. புளியங்குடி சாலையில் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மளிகைக் கடையில் அட்டையோடு வாங்கி வந்த லக்கான் முட்டை, சேவல் முகமே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டை, வெள்ளை வெளேரென்று இருந்ததை மதியம் மனைவி கண்ணயர்ந்த நேரத்தில் ஆறவைத்த டீத்தண்ணியில் ஊறப்போட்டு நாட்டுக்கோழி முட்டை நிறத்துக்குக் கொண்டுவந்தது. இது ஏழாவது. முதல் ஆறையும் அந்தப் பிள்ளை குடித்துவிட்டாள்.

தில்லைநாயகம் முப்பத்து நான்கு வருஷம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்து ஐந்துக்கு வந்த வண்டியைப் பத்து மூன்றுக்கு வந்ததாக எழுதச் சொல்லி எத்தனையோ ஓட்டுநர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள், அவர் எழுதியதில்லை. இது காலனிக்குத் தெரியும். ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தாலும், அவர் தெருவில் நடந்து போனால், "அண்ணாச்சி, மணி என்ன?" என்று யாராவது கேட்பார்கள், அது நேரம் தெரிந்துகொள்வதற்கான கேள்வி அல்ல, மரியாதை. அவர் நின்று, முழுக்கைச் சட்டையை மேலே தள்ளி, கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு பதினெட்டு" என்பார். கேட்டவர் போனில் சரிபார்க்கமாட்டார்.

கோழி வளர்ப்பு ஓய்வுக்குப் பிறகு வந்தது. அதுவரை அவருக்குக் கோழியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், கூடையில் கோழி கொண்டுவருகிறவர்களைப் பின் இருக்கையில் உட்காரச் சொல்லவேண்டும் என்பதுதான். போனில் நாற்பது வீடியோ பார்த்தார். ஞாயிற்றுச் சந்தையில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினார். கூட்டுக்கு வாசலைக் கிழக்கே வைக்கவேண்டும் என்று ஒரு வீடியோவும் கிழக்கே வைக்கவே கூடாது என்று இன்னொரு வீடியோவும் சொன்னதால் இரண்டு வாசல் வைத்தார். முதல் வாரம் இந்த வாசலில் விட்டு அடைத்த கோழிகள் அந்த வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பெயர் வைக்கத் தெரியாமல் வாயில் வந்த பெயர்களை வைத்தார்: ராஜபாளையம், கழுகுமலை, திருவேங்கடம், கோவில்பட்டி. சேவலுக்குத் தென்காசி. சாயங்காலம் அவர் மனைவி தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து, "கழுகுமலை வந்துட்டா?" என்று கேட்பாள், "வந்துட்டு, திருவேங்கடத்தத்தான் காணோம்" என்பார் அவர்.

நாலு நாற்பதுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தால் ஆறு மணிவரை எழுந்திருக்கமாட்டார். கோழி குடித்த தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவதற்காக வானத்தைப் பார்ப்பதையும், பக்கத்து வீட்டுப் பூனை சேவலுக்குப் பயந்து மதில்மேல் உட்கார்ந்து தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் முகத்தைக் கழுவிக்கொள்வதையும், அணில் வந்து கோழித்தவிட்டில் தன் பங்கை எடுத்துக்கொண்டு போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்து நான்கு வருஷம் வந்ததையும் போனதையும் எழுதிய மனிதருக்கு, எழுதவேண்டியில்லாமல் வரவும் போகவும் செய்கிற உயிர்களைப் பார்ப்பது அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம்தான் அவர் வாயைத் திறந்துவிட்டது. முதல் இரண்டு மாதம் கோழிகள் போட்ட முட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, கோழி வளர்ப்பதில் ஒன்றுமே இல்லை, கவனிப்புத்தான் என்றார். கூடையில் நாட்டு முட்டை விற்க வரும் மாடத்தியிடம் தெருவே கேட்க, "இனி எங்க தெருவுக்கு நீ வரவேண்டாம்மா, நான் இருக்கேன்" என்றார். மாடத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு, "இருங்க அண்ணாச்சி, இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

கோழிக்கு இறகு உதிரும் என்று அவர் பார்த்த நாற்பது வீடியோவில் ஒன்றும் சொல்லவில்லை, அல்லது சொன்ன இடத்தில் அவர் விளம்பரம் என்று தள்ளிவிட்டிருந்தார். புரட்டாசி பிறந்ததும் கழுகுமலையின் கழுத்து மொட்டையானது. ராஜபாளையத்துக்கு வால் போனது. பத்து நாளில் நான்கும் பாதி உரித்த கோழிகளாக மூலையில் நின்றன, முட்டை நின்றுபோனது. அது வருஷா வருஷம் நடப்பது, இரண்டு மாதத்தில் புது இறகு வரும், முட்டையும் வரும் என்று தெரிந்த யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. தன் கவனிப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, யாரும் பார்த்துவிடக்கூடாது என்று கூட்டைச் சுற்றிச் சாக்குப்படுதாவைக் கட்டினார்.

படுதா கட்டிய மறுநாள்தான் எதிர்வீட்டுப் பிரமுவின் மகள் பெரிய மனுஷி ஆனாள். பிரமு தானே வந்தாள்.

"அண்ணாச்சி, பதினாறு நாளைக்குப் பிள்ளைக்கு முட்டை வேணும். வெறும் வயித்துல நல்லெண்ணெயோட குடுக்கணும். கண்ட இடத்துல வாங்குனா எந்தக் கோழி போட்டதோ, எத்தனை நாள் கிடந்ததோ. உங்க வீட்டு முட்டைன்னா நான் கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பேன்."

"அதுக்கென்ன, தாரேன்" என்றார் தில்லைநாயகம். படுதாவுக்குப் பின்னால் திருவேங்கடம் கடைசி இறகுகளில் ஒன்றை உதிர்த்துக்கொண்டிருந்தது.

மாடத்தியிடம் வாங்கலாம், வாங்கினால் மாடத்தி சொல்வாள். சந்தைக்குப் போகலாம், பேருந்து நிலையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், அங்கே அவரைத் தெரியாத ஆள் இல்லை. ஆகவே லக்கான் முட்டை, ஆகவே டீத்தூள். காலை ஐந்து ஐம்பதுக்கு, ஒரு நிமிஷம் பிந்தாமல், துண்டில் பொதிந்து கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கும்போது பிரமு இரண்டு கையாலும் வாங்கினாள்.

இப்போது எண்ணெய்க்குள் குஞ்சு நின்றது. எட்டாம் நாள் முட்டையிலும் குஞ்சு இருந்தது, ஒன்பதாம் நாளும் இருந்தது. காலனி இதை இரண்டே நாளில் சீரணித்துக்கொண்டது. பதின்மூன்றாம் வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் மட்டும், அடை வைக்காமல், இருபத்தோரு நாள் கழியாமல் குஞ்சு வராது என்று சொல்லிப் பார்த்தார்; நல்ல முட்டையாக இருந்தால் வரும்போல என்று பெண்கள் சொன்னார்கள்; அவரும் யோசித்துவிட்டு, தனக்கும் ஒரு முட்டை கிடைக்குமா என்று கேட்டார். கடை முட்டைக்கும் வீட்டு முட்டைக்கும் இதுதான் வித்தியாசம், உசுருள்ள முட்டை என்று பேச்சு பரவியது. முப்பது வீடும் வீட்டுக்கு ஒரு முட்டை கேட்டன, தின்பதற்கு இல்லை, ராசிக்கு. இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று சொல்லவேண்டும். தில்லைநாயகம் மறுபடி புளியங்குடி சாலைக்குப் போனார்.

"இந்த மாசம் டீத்தூள் ஏன் இப்படிக் காலியாவுது?" என்றாள் தங்கபுஷ்பம் ஒரு நாள், அவர் முகத்தைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

"ரெண்டு தடவ குடிக்கேன்ல."

"ஆமா, குடிக்கிய" என்றாள். அப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை. அவர் வாங்கி வரும் டீத்தூளின் அளவு மட்டும் அவளறியாமல் கூடிக்கொண்டே போனது, அல்லது அவளறிந்து.

பிரமு வீட்டில் பத்து, மற்ற வீடுகளில் முப்பது, ஆக நாற்பது குஞ்சுகள். அந்தந்த வீட்டில் தின்று அந்தந்த வீட்டில் தூங்கின. ஆனால் சாயங்காலம் நாலு நாற்பதுக்கு, தில்லைநாயகம் நாற்காலியைப் போடும் சத்தம் கேட்டதோ என்னவோ, நாற்பதும் படியிறங்கி, தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அவர் காம்பவுண்டு கேட்டின் கீழ்க் கம்பிக்கு அடியில் நுழைந்து, பின்வாசலுக்குப் போய் அவர் பாதத்தைச் சுற்றி உட்கார்ந்தன. ஆறு மணிக்கு எழுந்து வரிசை மாறாமல் வீடு திரும்பின. அவரை அம்மாவென்று நினைத்துக்கொண்டிருந்தன. அவர் காலை நகர்த்தினால் காலின் பக்கம் நகர்ந்தன. தெரு இதற்கும் இடம் கொடுத்தது. பள்ளிக்கூட வேன்காரர் நாலு முப்பத்தெட்டுக்குள் வந்துபோகப் பழகினார். குடியிருப்போர் சங்கம் கூடி ஒரு வேகத்தடை போடுவதென்று தீர்மானம் எழுதியது. "குஞ்சு போய்ட்டு, பால அடுப்புல வை" என்று மாமியார்கள் மருமகள்களிடம் சொன்னார்கள். முன்பெல்லாம் அந்த நேரம்தான் அவருக்குப் பிடித்த நேரம். இப்போது நாலு முப்பதாகும்போதே நாற்காலியைப் போடலாமா வேண்டாமா என்று நின்றார். நாற்பது ஜோடிக் கண்கள் தன்னை நம்பிப் பார்ப்பதைத் தாங்க முடியாமல் அணிலைப் பார்த்தார். அணில் வருவதை நிறுத்தியிருந்தது.

பதினாறாம் நாள் சடங்கு. மண்டப வாசலில் எட்டடி பிளக்ஸ் வைத்திருந்தார்கள். சுபிக்ஷா பட்டுப்பாவாடையில் நிற்க, அவளுக்குப் பக்கத்தில் உறவுக்காரர்கள் தலைகளுக்கெல்லாம் மேலே, கையில் குஞ்சோடு தில்லைநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார்; அடியில், "உசுருள்ள முட்டை தந்த எங்கள் அண்ணாச்சி" என்று சிவப்பு எழுத்து. பிரமுவின் அண்ணன் மைக்கைப் பிடித்து, தாய்மாமன் சீருக்கு முன்னால் இவருக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லித் துண்டு போர்த்தினார். மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள். சொல்வதென்றால் இங்கே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இருநூறு பேர் பார்த்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்து, "மணி பத்து நாப்பத்தி ரெண்டு. பத்தேமுக்காலுக்குள்ள சீர் வச்சிரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பணிவைப் பார் என்றார்கள்.

கீழே வரும்போது சுபிக்ஷா அவரைப் பார்த்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, இத்தனை பூவைத் தலையில் வைத்ததில் கழுத்து வலிப்பவளைப் போலப் பார்த்தாள். வேறு எதற்காகவோ பார்த்ததுபோலவும் இருந்தது.

சடங்கு முடிந்து இரண்டு நாள் கழித்து அந்த பிளக்ஸைச் சுருட்டி பிரமு கொண்டுவந்து கொடுத்தாள். "மழை வரப்போவுது அண்ணாச்சி, வீணா மூலையில கெடக்கு. கோழிக்கூட்டு மேல போட்டுருங்க." போட்டார். படுதாவுக்குள் இறகில்லாத நான்கு கோழிகளும் நின்றன, கூட்டின்மேல் அவர் எட்டடி நீளத்துக்குச் சிரித்தபடி மல்லாந்து கிடந்தார்.

ஐப்பசி ஐந்தாம் தேதி நாலு நாற்பத்தொன்றுக்கு மழை பிடித்தது. குஞ்சுகள் அப்போது நடுத்தெருவில் இருந்தன. வேறு குஞ்சுகளாக இருந்தால் ஏதாவது வீட்டுக் கூரையோரம் ஓடியிருக்கும். இவை வரிசையைக் கலைக்காமல் நனைந்துகொண்டே வந்தன, வரவர நிறம் விட்டன. முதல் குஞ்சின் தலை வெளுத்தது, கழுத்து வெளுத்தது, காலடியில் டீத்தண்ணி ஓடியது. அதன் பின்னால் வந்தது வெளுத்தது, அதன் பின்னால் வந்ததும் வெளுத்தது, நாற்பதும் கேட்டை அடைந்தபோது நாற்பதும் லக்கான் குஞ்சுகளாக இருந்தன. அவற்றிலிருந்து வடிந்தது நாற்பது குஞ்சின் உடம்பில் இருக்கக்கூடிய அளவு அல்ல. தெரு சரிவான தெரு. அவர் வாசலிலிருந்து புறப்பட்ட தண்ணி, பொன்னிறமாக, நுரையோடு, வீடு வீடாகத் தொட்டுக்கொண்டு இறங்கிப்போனது. நல்ல திடமான டீயின் வாசனை தெரு முழுக்க எழுந்து, மழை வாசனையை அமுக்கிவிட்டது. முப்பத்தொரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். முட்டைக்கு எப்படி டீயில் நிறம் ஏற்றுவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சந்தையில் முட்டை வாங்கும் யாரும் அதைச் சந்தேகப்பட்டுத்தான் வாங்குவார்கள். தண்ணி கடைசி வீட்டைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்கள்.

தில்லைநாயகம் நாற்காலியில் நனைந்துகொண்டிருந்தார். தங்கபுஷ்பம் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்து, குந்தி உட்கார்ந்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துவட்டினாள். நாற்பதையும் துவட்டி முடித்துவிட்டு, "நீங்களும் துவட்டிக்கிடுங்க" என்று சேலையை அவர் மடியில் போட்டாள். சேலை பழுப்பாகியிருந்தது.

மறுநாள் அவர் எதிர்வீட்டுக்குப் போனார். நான்கு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். பிரமு நாற்காலி போட்டாள், மின்விசிறியைப் போட்டாள், மழையில் மாவு புளிக்கவே மாட்டேனென்கிறது என்று பேசினாள், உள்ளே போய்த் தம்ளரோடு வந்தாள்.

"காப்பிதான் அண்ணாச்சி. டீ போடல."

அவள் குத்திக்காட்டினாளா, அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைத்தாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. அவர் காப்பியைக் குடித்தார். தம்ளர் அதே தம்ளர். நான்கு வாக்கியமும் காப்பியோடு உள்ளே போனது. அதற்குப் பிறகு காலனியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்குக் காப்பி வந்தது. அவர் வருவதைப் பார்த்து, கையிலிருந்த டீ தம்ளரை ஜன்னலோரம் மறைத்து வைத்தவர்களும் உண்டு. அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்கள், தெருக்குழாயில் தண்ணி வந்தால் குரல் கொடுத்தார்கள். ஒன்று மட்டும் நின்றுபோனது. யாரும் மணி கேட்கவில்லை. அவர் எதிரே வரும்போது போனை எடுத்து நேரம் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் அவரைத் தாண்டிப் போன பிறகு. ஒருவன் சட்டையைப் பிடித்தால் பதிலுக்குப் பிடிக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடிகாரம் கட்டிய கையை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நடந்தார்.

குஞ்சுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவை நாலு நாற்பதுக்கு வந்துகொண்டேயிருந்தன, வெள்ளையாக, வளர்ந்தபடி, முன்னைவிடத் தூரத்திலிருந்தே தெரியும்படி.

கார்த்திகை பிறந்தபோது படுதாவுக்குள் நான்கு கோழிகளும் புது இறகோடு இருந்தன. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஒரு காலை தவிடு வைக்கப் போனவர் கழுகுமலை அடியில் கதகதப்பாக ஒரு முட்டை கிடப்பதைப் பார்த்தார். சிறிய முட்டை, வெளிர் பழுப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் ரத்தக் கோடு. படுதாவை அவிழ்த்துப் போட்டார். பிளக்ஸை இழுத்துச் சுருட்டினார். முட்டையைத் துண்டில் பொதியாமல், தெரு பார்க்க வெறுங்கையில் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தார். ஐந்து ஐம்பதல்ல, எட்டரை மணி. எல்லா வாசலிலும் ஆள் இருந்த நேரம்.

பிரமு வாசல் தெளித்த வாளியோடு நின்றாள்.

"இது என் கோழி போட்டது" என்றார். குரல் அவருக்கே அதிகமாகக் கேட்டது. "முன்னால தந்தது எதுவும் என் கோழி போட்டதில்ல. பதினாறும் கடையில வாங்குனது. தெருவுக்குத் தந்த முப்பதும் அப்படித்தான். நான்தான் சாயம் ஏத்துனேன். கோழிக்கு இறகு உதிர்ந்துட்டு, சொல்ல வெக்கப்பட்டுச் செஞ்சேன்."

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் பிரமு.

முட்டையை வாங்கினாள். ஒரு கையால்தான் வாங்கினாள். மறுகையில் வாளி இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் குழாயைத் திறந்து, முட்டையைத் தண்ணீரில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, காய்கறி வாங்கினால் நகத்தால் கீறிப் பார்க்கிற கைப்பழக்கம்போல விரல் தானாகப் போனது. அவள் செய்வது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது, உறைத்த பிறகும் விரல் நிற்கவில்லை.

"அம்மா, விடும்மா" என்றாள் கதவருகே பள்ளிக்கூடப் பையோடு நின்ற சுபிக்ஷா. "மொத நாளே எனக்கு டீ வாசம் அடிச்சுது. நான் சொன்னேனா? விடு."

தில்லைநாயகம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பதினாறு நாள் மூலையில் உட்கார்ந்து, ஆறு நாள் தெரிந்தே மூக்கைப் பிடித்துக் குடித்திருக்கிறாள். அவருக்கு நிற்க இடம் இல்லாததுபோல் இருந்தது.

"தேய்க்கட்டும் தாயி" என்றார். "நல்லாத் தேய்ச்சுப் பாக்கட்டும்."

பிரமு தேய்த்தாள். தண்ணி நிறம் மாறாமல் ஓடியது. முட்டை அப்படியே இருந்தது. குழாயை மூடி, முந்தானையில் துடைத்து, உள்ளே கொண்டுபோனாள்.

அந்தத் தெருவில் இன்றைக்கும் யார் யாருக்கு முட்டை கொடுத்தாலும், அண்ணன் தம்பிக்குக் கொடுத்தாலும், வாங்கியவர் குழாயடியில் ஒரு தடவை கட்டைவிரலால் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோகிறார். கொடுத்தவர் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் முகத்தைச் சுளிக்கிறார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடுகிறார்கள். நாற்பது வெள்ளைக் கோழிகளும் வீடு வீடாக முட்டை போடுகின்றன. அவற்றில் ஒன்றிலும் குஞ்சு இருப்பதில்லை. அதை யாரும் குறையாகச் சொல்வதுமில்லை.

தில்லைநாயகமும் காலையில் கூட்டுக்குள் கைவிட்டு எடுக்கும் முட்டையைத் தொட்டியடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் மொண்டு, கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறார். தங்கபுஷ்பம் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "அது நம்ம கழுகுமலை போட்டதுதான? கண்ணால பாத்துத்தான எடுத்திய?" என்று கேட்பாள்.

"ஆமா, பாத்துத்தான் எடுத்தேன்" என்பார் அவர், தேய்ப்பதை நிறுத்தாமல்.